அம்பலம் துண்டு வீசாமல் நின்ற காலை

சித்திரை மாதத்து விடியல். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நிற்க இடமில்லை. சுற்றியுள்ள எட்டு ஊர்ச் சனமும் வந்திருந்தது. தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றிக் கிடந்தது. சேறும் பாசியும் மீனும் கலந்த வாடை கரையேறி வந்து எல்லோருக்கும் பசியைக் கிளப்பிக்கொண்டிருந்தது.

ஆளுக்கொரு ஊத்தா வைத்திருந்தோம். மூங்கில் குச்சிகளால் பின்னிய, அடியில்லாத கூடை அது. சேற்றில் ஓங்கிக் குத்தி, உள்ளே மாட்டிய மீனை மேல்வாய் வழியே கைவிட்டு எடுக்க வேண்டும். மீன் இல்லாமல் தண்ணீர்ப் பாம்பு மாட்டினால் கையை எடுக்க வேண்டும்.

எல்லார் கண்ணும் ஒரு வெள்ளைத் துண்டின் மேல் இருந்தது. அது மடைமேட்டில் நின்ற பெரியகருப்பன் அம்பலத்தின் கையில் இருந்தது. அம்பலம் என்றால் எங்கள் பக்கத்தில் பரம்பரையாக வரும் ஊர்த் தலைமை. எந்தத் தேர்தலிலும் நிற்காதவர், ஆகவே எந்தத் தேர்தலிலும் தோற்காதவர். அவர் துண்டை வீசினால்தான் கூட்டம் இறங்கும். அதுவரை ஒருவர் கால்விரல்கூட நனையக் கூடாது.

சாமி கும்பிட்டாயிற்று. சூடம் அணைந்தாயிற்று. கிழக்கே வெளுத்தும் ஆயிற்று. அம்பலம் துண்டை வீசவில்லை.

அவர் தனக்குப் பத்தடி தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஊராட்சித் தலைவர், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு, கீழத்தெருப் பெண்களுக்கு நடுவில் நின்றிருந்தார்.

அந்த ஊராட்சித் தலைவர் என் மனைவி வளர்மதி.

எனக்குக் கிடைத்த பதவி

குவைத்தில் லாரி ஓட்டிய கதையை இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லிவிட்டேன். ஊர் திரும்பியதும் எனக்குத் தலைவராக ஆசை வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்கு முதல் ஆறு மாதம் ஊரைத் திருத்தும் ஆசை வரும். கையிருப்பு கரைந்தால் தானாகப் போய்விடும். எனக்குக் கரையும் முன்பே தேர்தல் வந்துவிட்டது.

வந்த தேர்தலில் எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நான் ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன். மறுநாள் வளர்மதியின் போட்டோவைத் தேட ஆரம்பித்தேன்.

ப்ளெக்ஸ் அடித்ததில் ஒரு சிறு பிசகு. என் படம் ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது. வேட்பாளரின் படம் ஓரத்தில் பாஸ்போர்ட் அளவில் இருந்தது. ஓட்டுப் போட்ட பாதிப் பேர் என்னைத்தான் தேர்ந்தெடுத்ததாக நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் சில மாதங்கள் ஊராட்சி அலுவலகத்தில் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள். ஆனால் ஒவ்வொரு காகிதத்தையும் படித்துவிட்டுத்தான் போடுவாள். நான் ஒரு காகிதத்தையும் படித்ததில்லை. இந்த வித்தியாசம் எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் யூனியன் ஆபீசிலிருந்து ஓர் அதிகாரி வந்து ஏதோ கேட்டார். நான் விழித்தேன். பெஞ்சிலிருந்து பதில் வந்தது. அதிகாரி பெஞ்சைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். அவர் போனதும் வளர்மதி சத்தமில்லாமல் சொன்னாள்: "ஏங்க, கொஞ்சம் எந்திரிங்க. அந்த நாற்காலில உக்காந்தாத்தான் டேபிள்ல வச்சு எழுத வசதி."

எழுந்தேன். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்காரும்படி எனக்கு ஒரு வேலையும் வரவில்லை.

கட்லா குழம்பு

அந்த வருடம் கோடை முன்னாலேயே வந்துவிட்டது. கீழத்தெரு ஆழ்குழாய்க் கிணற்றின் மோட்டார் எரிந்துபோயிற்று. கீழத்தெரு ஊரிலிருந்து ஒரு கூப்பிடு தூரம் தள்ளி இருக்கிறது. ஏன் தள்ளி இருக்கிறது என்பதை எழுதாமலே வாசகர்களுக்குப் புரியும். அந்தப் பெண்கள் கண்மாய்க்கு மறுகரையில் இருக்கும் வயல் கிணறுவரை குடத்தோடு நடந்தார்கள். வளர்மதி மனு மேல் மனுவாக எழுதினாள். நிதி வரும், வரும் என்று பதில் மட்டும் வந்தது.

பொன்னமராவதியில் ஒரு டீக்கடையில் மீன் குத்தகைக்காரர் ஒருவர் எனக்கு அறிமுகமானார். எங்கள் கண்மாய் மீன் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு அவர் தரும் தொகையில் மோட்டார் வாங்கி மிச்சமும் நிற்கும் என்றும் சொன்னார். என்னைத் 'தலைவரே' என்று கூப்பிட்டார். இரண்டாவது டீயோடு மூன்று முறை கூப்பிட்டார். நான் கைகொடுத்துவிட்டேன். புறப்படும்போது வேறு கண்மாயில் பிடித்த இரண்டு கட்லா மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

வளர்மதி குழம்பு வைத்தாள். எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். நான் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்ட பிறகு விஷயத்தைச் சொன்னேன். கெட்ட செய்தியை வயிறு நிறைந்த பிறகு சொல்வது எங்கள் வீட்டு வழக்கம்.

அவள் கோபப்படவில்லை. குழம்புச் சட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, நீங்க எந்த வார்டு மெம்பரு?"

நான் கை கழுவப் போனேன்.

மீனா, தண்ணீரா

குத்தகை விடுவது தப்பான யோசனை என்று அவளும் உடனே சொல்லிவிடவில்லை. மோட்டார் வேண்டும், பணம் இல்லை. ஆனால் கண்மாய் மீன் சமாச்சாரம் ஊராட்சித் தீர்மானத்தோடு முடிவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அவள் கொடும்பாளூர்ப் பக்கத்துப் பெண். உறவுமுறையில் அம்பலம் அவளுக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. நேரே அவர் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். அந்தக் காலத்தில் எனக்கு அதுதான் முழுநேர வேலை.

எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாயை 'அழித்துவிடுவது' என்று ஒரு வழக்கம். கரையை உடைப்பது என்று பயப்பட வேண்டாம். அன்று ஒரு நாள் யார் வேண்டுமானாலும் இறங்கி மீன் பிடிக்கலாம். சுற்று ஊர்களுக்கும் சொல்லி விடுவார்கள். காசு கிடையாது. பிடித்த மீனை விற்கவும் கூடாது. சமைத்துத் தின்னலாம், மீன் கிடைக்காத வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அடுத்த வாரம் இன்னொரு ஊர் அழிக்கும், நாம் போவோம்.

குவைத்தில் குளிர்பதனப் பெட்டிக்குள் விலை ஒட்டிப் படுத்திருக்கும் மீனைப் பதினோரு வருடம் பார்த்தவன் நான். இலவச மீனுக்காக ஆயிரம் பேர் சேற்றில் புரள்வது எனக்கு அப்போது கொஞ்சம் பிற்போக்காகத் தெரிந்தது. அந்தக் காலத்துப் புதுக்கோட்டை சமஸ்தானம் தனக்கென்று தனியாகச் செம்புக் காசு அடித்துக்கொண்டது என்பார்கள். அப்படிப்பட்ட சீமையில் ஒரு கண்மாய் மீனைக் காசாக்கத் தெரியவில்லையே என்று டீக்கடையில் பிரசங்கம்கூடச் செய்திருக்கிறேன்.

அம்பலம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எட்டு ஊரு கம்மாயில நாம எறங்கித் தின்னுருக்கோம். இப்ப நம்ம மீன மட்டும் வித்துப்புட்டா, அடுத்த வருசம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவுக கரையில போயி நிக்கிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த வாரம் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர்க் கூட்டம் போட்டபோது, வந்திருந்த ஆண்கள் எல்லாரும் அந்த நியாயத்துக்குத் தலையாட்டினார்கள். மீன் குழம்பை நினைத்து ஆட்டினார்களா, மரியாதையை நினைத்து ஆட்டினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்போது கூட்டத்துக்கு வெளியே நின்ற சின்னப்பொண்ணு பேசினாள். கீழத்தெருக்காரி. கணவனை இழந்தவள், நூறு நாள் வேலையில் இருபது பேருக்கு முன்னால் நின்று பேசிப் பழகியவள். "மீனு ஒரு நாக் கொழம்புங்க. தண்ணி தெனமும் வேணும். அழிக்கிற அன்னைக்கும் மடைப் பக்கம் உங்களுக்கு, கலுங்குப் பக்கத்துச் சேறு எங்களுக்கு. அதுவும் நீங்க எறங்கிக் கலக்குன பெறகு. குத்தகைக்கே விட்டுருங்க."

கலுங்கு என்பது கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழியும் கடைக்கோடி. மீன் அந்தப் பக்கம் போவதில்லை, கீழத்தெரு ஆட்கள்தான் போக வேண்டும். இதை எல்லாரும் அறிவோம். யாரும் கூட்டத்தில் சொன்னதில்லை.

நான் வளர்மதியைப் பார்த்தேன். அவள் அம்பலத்தைப் பார்த்தாள்.

முழு வரி

அவள் கேட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "பெரியப்பா, வீட்டு வரி கட்டச் சொல்லி ஒரு வருசமா நோட்டீசு விடுறேன். பத்து வீடுகூடக் கட்டல. நீங்க கோயிலுக்குத் தலைக்கட்டு வரின்னு ஒரு தடவ தமுக்கு அடிச்சா சாயங்காலத்துக்குள்ள வந்துருது. மோட்டாருக்கு அப்புடி ஒரு வரி போட்டுக் குடுங்க. கம்மாய அழிச்சு விட்டுருவோம்."

உண்மைதான். தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். அரசாங்க முத்திரை போட்ட நோட்டீசை எங்கள் ஊரில் சைக்கிள் சீட்டுத் துடைக்கக்கூட எடுப்பதில்லை. அம்பலத்தின் தமுக்குச் சத்தம் கேட்டால் கடன் வாங்கியாவது கட்டிவிடுவார்கள். கட்டாத வீட்டுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் யார் வருவது? வீட்டு வரி கட்டாத பெரும்பான்மையில் அம்பலமும் ஒருவர் என்பதை அவள் அந்த இடத்தில் சொல்லவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அம்பலத்துக்கு மனமில்லை. கவர்மெண்டு மோட்டாருக்குக் கவர்மெண்டுதான் பணம் தரவேண்டும், சாமிக்கு வாங்குகிற வரியை மிஷினுக்கு வாங்குவதா என்றார். மூன்று நாள் இழுத்தார். மூன்று நாளும் வளர்மதி காலையில் அவர் வீட்டுக்குப் போய், ஒன்றும் பேசாமல் மோர் குடித்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் அவர் சம்மதித்தார். மோர் தீர்ந்துபோயிருக்கலாம்.

சம்மதித்ததோடு ஒரு தாராளமும் காட்டினார். கீழத்தெருக்காரர்கள் வரி தரவேண்டியதில்லை, ஊரே போட்டு அவர்களுக்கு மோட்டார் வாங்கித் தரும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தச் செய்தியைக் கீழத்தெருவில் சொல்ல நானே ஓடினேன்.

சின்னப்பொண்ணு முகம் மலரவில்லை. "நாங்களும் குடுப்போம்னு சொல்லுங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. உலகத்தில் வரி வேண்டாம் என்று சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். வரி வாங்கு என்று சண்டை போட்டு அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்து வளர்மதியிடம் சொன்னேன். அவள், ஊர்த் தலைக்கட்டு நோட்டில் கீழத்தெரு வீடு ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவர்களிடம் ஊர் ஒருபோதும் வரி வாங்கியதில்லை. அதைச் சலுகை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அன்று மாலையே அவள் அம்பலத்திடம் போய், அவர்களையும் நோட்டில் சேர்க்கச் சொன்னாள். மறுநாள் அம்பலத்தின் ஆள் நோட்டோடும் தமுக்கோடும் முதல் முறையாகக் கீழத்தெருவுக்குள் போனார். துணைக்கு நானும் போனேன். சின்னப்பொண்ணு வீட்டு முறை வந்தபோது அவர் பழக்கத்தில், ஆம்பளை இல்லாத வீட்டுக்கு அரை வரி என்றார்.

"தண்ணி எனக்கு மட்டும் அரைக் கொடமா வரும்?" என்றாள் சின்னப்பொண்ணு. "முழுசாவே எழுதுங்க."

எழுதினார். அவர் எழுதி முடித்ததும் அவள் இன்னொன்றும் கேட்டாள். வரி ஒன்று என்றால் கரையும் ஒன்றுதானே? இறங்கும் நேரமும் ஒன்றுதானே? அந்த ஆள் அம்பலத்தைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். அம்பலம் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "அன்னைக்குப் பாப்போம்" என்றார்.

யார் தலைவர்

இதற்கிடையில் எனக்கு ஒரு தனி வேலை இருந்தது. பொன்னமராவதிக்குப் போய்க் குத்தகைக்காரரிடம் இல்லையென்று சொல்ல வேண்டும். வளர்மதி போன் போட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டாள். கைகொடுத்தவன் நேரில் போவதுதான் முறை என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதே டீக்கடை, அதே பெஞ்சு. தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "தலைவரு நீங்கதானங்க? உங்க ஊரு முக்குல அம்மாம் பெரிய படம் நிக்குதே."

டீக்கடையில் நாலைந்து பேர் திரும்பினார்கள். எனக்குக் காது சூடேறியது. ஆள் உயரப் படத்தை நானே நின்று அளந்து கொடுத்து அடித்தவன். வேறு வழியில்லை.

"இல்லைங்க" என்றேன். "தலைவரு எங்க வீட்டுக்காரம்மா. நான் கூடப் போறவன்."

அவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான் என்று மட்டும் சொல்லி, டீக்குக் காசையும் அவரே கொடுத்துவிட்டார். ஊர் முக்கில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முதல் வேலையாக அந்த ப்ளெக்ஸை அவிழ்த்தேன். இப்போது அது எங்கள் மாட்டுக் கொட்டகையின் மேல் மழைக்கு மறைப்பாக இருக்கிறது. படம் உள்பக்கமாக. மாடு பார்க்கிறது.

பத்தடி

ஆக, அந்தச் சித்திரை விடியலில் அம்பலம் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது இப்போது விளங்கியிருக்கும். கீழத்தெருவில் ஒருவரும் கலுங்குப் பக்கம் போகவில்லை. கையில் ஊத்தாவோடு மடைப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்களோடு வளர்மதியும் வந்திருந்தாள்.

நான் அம்பலத்துக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றிருந்தேன். துணிச்சலாக ஒரு பக்கம் போய் நின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தொடரை அவளும் படிக்கிறாள். நடந்தது இதுதான்: "ஏங்க, இங்கிட்டு வந்து இந்தக் கூடையக் கொஞ்சம் புடிங்க" என்று அவள் கூப்பிட்டாள். நான் போய்க் கூடையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பத்தடியைத் தாண்டும்போது என் முதுகில் எட்டு ஊர்க் கண்ணும் குத்தியது.

அம்பலத்துக்குப் பின்னால் நின்ற அவருடைய தம்பி மகன் உரக்கவே சொன்னான், அவர்களைக் கலுங்குப் பக்கம் போகச் சொல்லும்படி. வேறு சில குரல்களும் சேர்ந்தன. சின்னப்பொண்ணு ஊத்தாவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். வளர்மதி அம்பலத்தின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் அன்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்திருந்தால், கண்மாயும் இல்லை, மோட்டாரும் இல்லை, அவள் பதவிக்கு அர்த்தமும் இல்லை. கீழத்தெருவுக்கு அதைவிட மோசமாகவும் ஏதாவது நடந்திருக்கும்.

அம்பலம் தம்பி மகன் பக்கம் மெதுவாகத் திரும்பினார்.

"வரிய வாங்கியாச்சுடா" என்றார். "இப்பப் போகச் சொன்னா, வாங்குனத வீடு வீடாப் போயி நாமதான் திருப்பிக் குடுக்கணும். நீ போயிக் குடுத்துட்டு வாரியா?"

அம்பலம் துண்டை உதறினார். தலைக்கு மேலே மூன்று முறை வீசினார்.

அதன் பிறகு யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அத்தனை பேரும் ஒரே பாய்ச்சலாகத் தண்ணீரில் விழுந்தார்கள். ஒரு நொடியில் கண்மாய் முழுக்கச் சேற்றுக் குழம்பு. ஊத்தா குத்தும் சத்தமும், கெண்டை துள்ளும் சத்தமும், வழுக்கி விழுந்தவர்களின் சத்தமும். அம்பலமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரோடு முட்டிக்கொண்டவன் எந்தத் தெரு என்று சேறு பூசிய முகத்தில் தெரியவில்லை.

எனக்கு இரண்டு மணி நேரத்தில் ஒரு நண்டும் ஒற்றைச் செருப்பும் கிடைத்தன. செருப்பு என்னுடையதல்ல.

சட்டி

அன்று மதியம் ஊரில் மீன் வாடை வராத ஒரே வீடு எங்கள் வீடு. வளர்மதி இறங்கத் தயாராகத்தான் வந்திருந்தாள், ஆனால் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளக் கரையிலேயே நின்றுவிட்டாள். நான் இறங்கி என்ன பிடித்தேன் என்பதைத்தான் ஏற்கெனவே சொன்னேனே.

அப்போது சின்னப்பொண்ணு ஒரு சட்டியில் மூன்று விரால் மீனைக் கொண்டுவந்து வாசலில் நின்றாள். மீன் கிடைக்காத வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது வழக்கம் என்றேனே, அந்த வழக்கம்தான். ஆனால் கீழத்தெருவிலிருந்து ஊருக்குள் ஒரு வீட்டுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை. அவள் வாசலிலேயே நின்றாள். வளர்மதி உள்ளே வரச் சொன்னாள். அவள் வந்தாள். எனக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. குவைத்தில் நாலு நாட்டுக்காரனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன், என் சொந்த ஊரில் ஒரு சட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

குழம்பு நன்றாக இருந்தது.

வாங்கிய சட்டியை வெறுமனே திருப்பக் கூடாது. வளர்மதி அதைக் கழுவி, தோட்டத்துக் கடலையை நிறையப் போட்டு வைத்தாள். ஆளிடம் கொடுத்தனுப்பலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மறுநாள் காலையில் நானே எடுத்துக்கொண்டு நடந்தேன்.

சின்னப்பொண்ணு கடலையை முறத்தில் கொட்டிக்கொண்டு, உட்காரச் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ கொண்டுவந்தாள். மறுகரைக் கிணற்றிலிருந்து தலையில் சுமந்து வந்த தண்ணீரில் போட்ட டீ. சீனி மிகவும் கூடுதல். நான் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். என் வயதில் பாதிக்கு மேல் அந்தத் தெருவழியாகப் போய் வந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை.

புறப்படும்போது அவள் சொன்னாள்: "மோட்டாரு என்னைக்கு வரும்னு தலைவர்ட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கண்ணே."

கேட்டுச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்தேன். வளர்மதி அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்டேன். வியாழக்கிழமை என்றாள். திரும்ப நடந்துபோய் வியாழக்கிழமை என்று சொன்னேன்.

மோட்டார் வியாழக்கிழமையே வந்தது.